குடும்பத்தோடு கிராமத்துக்குப் போகலாமா? தண்ணீர் வேலைக்காரன் ஒருவனின் பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொண்டேன். பெருநகரத்தில் 14 வருடம் ஆகிவிட்டது. நெரிசலும் இரைச்சலும் ஓட்டமும் போதும் என்று தோன்றுகிறது. வீட்டில் நீங்கள், மனைவி, 11 வயது மகள், 4 வயது மகன், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மா. உங்கள் வேலையைக் கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். மனைவிதான் வேலையை விட வேண்டியிருக்கும். 2 ஏக்கர் நிலம், ஒரு கிணறு, பழைய வீடு என்று ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் 20 கிலோமீட்டர், பெரிய மருத்துவமனை 40 கிலோமீட்டர். நகரத்து வீட்டை விற்று இதை வாங்கி, ஆறு மாதத்துக்குள் குடியேறிவிடலாமா, பிள்ளைகளுக்கு அது நல்லதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மேலே இருக்கிற கேள்வி ‘போகலாமா’ என்பது. அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ‘இது என் ஆசை. இதற்காக மற்ற நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு போகிறேனோ? சரிப்படவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்குமா?’ அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் ஆறு மாதத்தில் வேண்டாம், நகரத்து வீட்டை இப்போதைக்கு விற்கவும் வேண்டாம்.

நான் யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? குடிநீர், கழிவுநீர் வேலையில் 22 வருடம் இருக்கிறேன். 13 வருடத்துக்கு முன்பு நாங்களும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நகரத்தை விட்டுக் கிளம்பி வந்தவர்கள்தான். என் தொழில் காரணமாக, நகரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வீடுகளுக்கு அடிக்கடி போக நேர்கிறது. பெரும்பாலும் கொல்லைப்புறம் வழியாக, ஏதோ ஒன்று பழுதான நாளில். முன்கூடத்தில் உட்கார்ந்து சொல்லும் கதை ஒன்று, செப்டிக் டேங்க் பக்கத்தில் நின்று சொல்லும் கதை வேறு. நான் கேட்டதெல்லாம் இரண்டாவது வகை. அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கலாம், எதுவும் பழுதாகாத வீட்டில் என்னைக் கூப்பிட மாட்டார்கள். தண்ணீர் பற்றிச் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் பற்றிச் சொல்வது பார்த்ததையும் பட்டதையும் வைத்து. மருத்துவம் என் துறை இல்லை.

நகரத்து வீடு என்பது பாதி வேலையை வேறு யாரோ செய்துகொடுக்கும் வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், கழிப்பறையில் ஊற்றினால் போய்விடும், குப்பை காணாமல் போகும், பழுது என்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் வரும். நீங்கள் பில் கட்டினால் போதும். தனி வீட்டுக்கு, அதுவும் ஊர் எல்லையில் இருக்கும் வீட்டுக்குப் போனால் தண்ணீர் வாரியமும் நீங்கள்தான், துப்புரவுத் துறையும் நீங்கள்தான், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடும் நீங்கள்தான். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஒவ்வொன்றும் நேரம் தின்னும், யாரோ ஒருவருடைய கை வேண்டும். எனக்குத் தெரிந்து திரும்பிப் போன குடும்பங்களில், தண்ணீர் வற்றியதாலோ இணையம் கிடைக்காததாலோ போனவை குறைவு. இந்த வேலைகளெல்லாம் யாரும் பேசி முடிவு செய்யாமலே ஒரே ஒருவர் தலையில் வந்து விழுந்ததால் போனவைதான் அதிகம்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காலை 11 மணி. வீட்டுக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஐந்து விரலைக் காட்டினார், ஐந்து நிமிடம் என்று. அந்த ஐந்து நிமிடம் கடைசிவரை வரவில்லை. மனைவி இடுப்பில் குழந்தையும் கையில் வாளியுமாக, செருப்பு நனைய என்னோடு தோட்டத்தில் நின்றார். உள்ளேயிருந்து மாமியார், ‘தண்ணி எப்ப வரும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூடியைத் தூக்கி, அடைப்பை எடுத்துவிட்டுக் கை கழுவும்போது, என்னோடு தோட்டத்தில் நின்ற அந்த மருமகள் கேட்டார்: ‘மாசத்துல எத்தனை தடவை இப்படி ஆகும்?’ ஒழுங்காக வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கசடு எடுத்தால் போதும் என்றேன். ‘இதை மட்டும் கேக்கலைங்க,’ என்று சொல்லி எண்ண ஆரம்பித்தார். மோட்டார், ஜெனரேட்டர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நடை, மாத்திரை வாங்க ஒரு நடை, வேலி தாண்டி வந்த மாடு. ஒரு கை விரல் போதாமல் அடுத்த கைக்குப் போனார். எட்டு மாதம் கழித்து அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை தொங்கியது.

நீங்கள், ‘மனைவிக்கும் சம்மதம்தான்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தான்’ எனக்கு உறுத்துகிறது. தப்பாக நினைக்க வேண்டாம். ‘சம்மதம்’ என்பதற்கும் ‘சம்மதம்தான்’ என்பதற்கும் நடுவில் ஒரு வருடப் பேச்சு மிச்சம் இருக்கிறது. உங்கள் கணக்கில் அவருடைய சம்பளம் போவது மட்டும் வந்திருக்கும். தினமும் வெளியே போய் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர் அதையும் இழக்கிறார். உங்களுக்கோ அதே வேலை, அதே சகாக்கள், ஜன்னலுக்கு வெளியே மரம் கூடுதல்.

அதனால் ஒரு தாளை எடுத்து, வாரத்தில் செய்ய வேண்டிய எல்லா வேலையையும் எழுதுங்கள். பக்கத்தில் மணி நேரம், அதற்குப் பக்கத்தில் யார் என்கிற பெயர். வண்டி ஓட்டும் நேரத்தைக் கண்டிப்பாகச் சேருங்கள். பள்ளி 20 கிலோமீட்டர் என்றால் காலையில் போய் வர 40, மாலையில் போய் வர 40. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தினம் 2 மணி நேரம். பள்ளி 200 நாள் நடந்தால் வருடத்துக்கு 400 மணி நேரம். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஊரும் வாகனமும் எப்படி மாறினாலும் மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகத்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். நீங்கள் அலுவலகம் போய்வரும் நேரம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறீர்கள். மிச்சமான அந்த நேரம் எங்கும் போகவில்லை, இரண்டு மடங்காகி மனைவியின் கணக்கில் ஏறுகிறது. பள்ளி வாகனம் வீட்டு வாசல்வரை வருமா, மழைக்காலத்திலும் வருமா என்று கேட்டுவிட்டீர்களா? இந்தத் தாளை நிரப்பிய பிறகும் மனைவி சரி என்றால், அதுதான் சம்மதம்.

அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள், எல்லோரும் இருக்கும்போது வேண்டாம். மகன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் எந்த அம்மாவும் ‘எனக்கென்னப்பா, நீங்க எங்க இருந்தாலும் சரி’ என்றுதான் சொல்வார். நாள் முழுக்க யாரோடு பேசுகிறார், தானாக நடந்து எங்கெல்லாம் போய்வருகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். புது இடத்தில் அவர் யார் துணையும் இல்லாமல் போய்வர ஓர் இடமாவது வேண்டும். இல்லையென்றால் உங்கள் அழகான தோட்டம் அவருக்குச் சுவர்தான்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். ‘இந்தக் கிணறு ஒருநாளும் வற்றியதில்லை’ என்று விற்பவர் சொல்லியிருப்பார். பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டில் இரண்டு பேர், வாளியில் மொண்டு குளித்தவர்கள். உங்கள் வீட்டில் ஐந்து பேர், வாஷிங்மெஷின் உண்டு. கிணற்றைக் கோடைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு ஆறேழு மணி நேரம் விடாமல் இறையுங்கள். மறுபடி அளவு எடுங்கள், நிறுத்திவிட்டு ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். இந்த ஊற்றுக் கணக்குதான் கிணற்றின் உண்மையான சம்பளம். நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் வெறும் சேமிப்பு.

உதாரணத்துக்கு, 4 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு என்றால் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 12,500 லிட்டர் பிடிக்கும். ராத்திரி 12 மணி நேரத்தில் அரை மீட்டர் ஏறினால் 6,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வைத்தாலும் ஐந்து பேருக்கு 500 லிட்டர்தான். வீட்டுக்கு அது தாராளம். ஆனால் நீங்கள் 2 ஏக்கரிலும் ஏதாவது பயிர் செய்யும் நினைப்பில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வெயில் காலத்தில் பயிருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் காய்கறித் தோட்டம் மட்டும் தினம் 500 லிட்டர் குடிக்கும், அதாவது உங்கள் குடும்பம் மொத்தமும் குடித்துக் குளிக்கிற அளவு. 2 ஏக்கருக்கும் போட்டால் 40,000 லிட்டர். மேலே சொன்ன கிணற்றுக்கு அது எட்டாத உயரம். சின்னத் தோட்டம் போடுங்கள், மீதியை மழையை நம்பி வாழும் மரங்களுக்கு விடுங்கள். விவசாய வருமானத்தை முதல் மூன்று வருடத்துக்குக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். இன்னொன்று, கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டி இரண்டு நாளுக்குத் தாங்கும்படி 1,000 லிட்டராவது இருக்கட்டும்.

அளவு இருந்தால் மட்டும் போதாது, தரம் பார்க்க வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இனிப்பாக இருக்கிறது என்பதெல்லாம் சான்றே இல்லை. பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் இவை: 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது. நைட்ரேட் உரத்திலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் வருகிறது; புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. உங்கள் மகனுக்கு 4 வயது என்பதால் நான் ஃபுளோரைடைத்தான் முதலில் பார்ப்பேன். நிலைத்த பற்களின் மேற்பூச்சு உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் விழும் கறை பிறகு போகாது. ‘கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் சாகிற சமாச்சாரம் இல்லை, தண்ணீர் ஆவியாக ஆக அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதற்கு ஆர்.ஓ. மாதிரி ஏற்பாடு வேண்டும். மாதிரி எடுக்கும்போது கூடத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள். மூடியின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள், தரையில் வைக்காதீர்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வாங்கும் முன் ஒரு தடவை, முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை.

செப்டிக் டேங்கை யாரும் விலை பேசும்போது பார்ப்பதில்லை, நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உள்ளே மூன்று அடுக்கு: கனமான கசடு அடியில், எண்ணெயும் நுரையும் மேலே, நடுவில் இருக்கிற நீர் வெளியேறி மண்ணுக்குள் போகும். நுண்ணுயிர்கள்தான் அங்கே வேலைக்காரர்கள். பிளீச்சிங்கை அளவில்லாமல் ஊற்றினால் அவை செத்துப்போகும். எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும் போனால் மண் அடைத்துக்கொள்ளும். 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். கிணற்றுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பல நாடுகளின் விதிகள் தொட்டிக்கு 15 மீட்டர், கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கு 30 மீட்டர் என்ற அளவை ஒட்டி இருக்கின்றன. உங்கள் பகுதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: என்ன அடைப்பானாலும் தொட்டிக்குள் இறங்காதீர்கள், தலையை நீட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே பிராணவாயு இருக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் சாவது இதனால்தான். மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், வீட்டில் 4 வயதுப் பிள்ளை இருக்கிறான்.

மருத்துவம் என் துறை இல்லை என்றேன். ஆனாலும் அம்மா விஷயத்தில் இரண்டு கணக்கு சொல்ல வேண்டும். மூளையில் ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இதயம் நின்றுவிட்டால், யாரும் நெஞ்சை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த வேகத்துக்கு 40 கிலோமீட்டர் தாண்டி ஆம்புலன்ஸ் வராது. வீட்டில் இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சி எடுங்கள்: நடு நெஞ்சில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல். அப்புறம் ஒரு மழை ராத்திரியில் அந்த வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல்வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். பகலில் 50 நிமிடம் ஆகும் பாதை ராத்திரியில் என்ன ஆகிறது என்று தெரியும். அங்கே இரவில் ஸ்கேன் எடுப்பார்களா, இதய மருத்துவர் இருப்பாரா, பாம்பு இருக்கும் பகுதி என்றால் விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். 40 கிலோமீட்டர் தூரம் அம்மாவுக்குச் சரிப்படுமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள், அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இந்த இடத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் பக்கத்தில் வேறு இடம் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் உங்களுக்கு இரண்டு பிள்ளைகள். 4 வயதுக்காரன் ஒரு வாரத்தில் ஊர்க்காரனாகிவிடுவான். வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கு நல்லது என்பதற்கு உறுதியான சான்றே இருக்கிறது. சீனாவின் குவாங்ஜோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தக் குழுவில் 30.4 சதவீதம், மற்றக் குழுவில் 39.5. 2015-ல் வெளியான ஆய்வு. கவனியுங்கள், அதைச் செய்தது வெறும் 40 நிமிட வெளிச்சம். நகரத்துப் பூங்காவிலும் அது கிடைக்கும், கிராமத்து வீட்டுக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்காது. அதேபோல், பண்ணையில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று படித்திருப்பீர்கள். அதுவும் உண்மைதான், ஆனால் எந்தப் பண்ணை என்பதைப் பொறுத்தது. 2016-ல் அமெரிக்காவில் ஒரே மாதிரிப் பூர்வீகம் கொண்ட இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். வீட்டை ஒட்டி மாடு வைத்துக் கையால் வேலை செய்யும் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதத்தை ஒட்டி; பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதத்துக்குப் பக்கம். கிராமத்துக் காற்று என்று பொதுவாக ஒன்று இல்லை. உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

11 வயது மகள் விஷயம் வேறு. டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், சிறுவயதில் வீடு மாறியவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலச் சிக்கல்கள் முதலான பல பாதிப்புகள் கூடுதலாக இருந்தன. 12, 13, 14 வயதில் மாறியவர்களிடமும் ஒரே வருடத்தில் பலமுறை மாறியவர்களிடமும் அது அதிகம். பயப்பட வேண்டாம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, வீடு மாறியதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே பிரச்சினையில் இருக்கும் குடும்பங்கள்தான் அடிக்கடி இடம் மாறுகின்றன என்பதும் இதற்குள் இருக்கலாம். ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்தது இதோடு ஒத்துப்போகிறது. நாங்கள் வந்தபோது மூத்தவளுக்கு 12, இளையவனுக்கு 6. அவன் வேப்பமரத்தில் ஏறினான், அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படிப்பு வருடத்தின் நடுவில் கூட்டி வந்தது என் தப்பு. உங்கள் மகளுக்கு, பழைய தோழிகளைப் பார்க்க மாதம் ஒரு தடவை நகரத்துக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். புது வீட்டில் எந்த அறை, என்ன வண்ணம் என்பதையாவது அவளே முடிவு செய்யட்டும். நாங்கள் இரண்டாவது வருடம்தான் இதைச் செய்தோம்.

இணையத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. கம்பி வழி இணைப்பு வீடுவரை வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. செயற்கைக்கோள் என்றால் எந்த உயரத்தில் சுற்றுவது என்று கேளுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது என்றால், ஒளியின் வேகத்திலேயே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடி ஆகிவிடும். வீடியோ மீட்டிங்கில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பீர்கள். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. விளம்பரத்தை நம்பாமல், ஒரு முழு வாரம் அங்கே தங்கி உங்கள் வேலையைச் செய்து பாருங்கள்.

நகரத்து வீட்டை விற்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100 என்று வைத்தால் வீடு மாறுவதற்கு வெறும் 20தான். ஆனால் உங்கள் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள்: பண நிலைமை மாறுவது 38, துணை வேலையை விடுவது 26, வாழும் சூழல் மாறுவது 25, வீடு 20, வேலை நிலைமை 20, பொழுதுபோக்கு 19, பழக்க வட்டம் 18. மொத்தம் 166. 150 தாண்டினாலே அடுத்த இரண்டு வருடத்தில் உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடுகிறது என்றார்கள் அவர்கள். இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், தனி மனிதருக்கு இந்த எண் துல்லியமாகப் பொருந்தாது. நான் சொல்ல வருவது, இவையெல்லாம் ஒரே மாதத்தில் வர வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான். நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டு, கிராமத்தில் வாடகைக்கு ஒரு வருடம் இருங்கள். அந்த ஊரிலேயே வாடகை வீடு கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரில். மனைவியால் வேலையில் நீண்ட விடுப்பு எடுக்க முடியுமா என்று கேட்கட்டும், ராஜினாமா பிறகு. மழையையும் கோடையையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகு கிரயம் பேசுங்கள். அந்த 2 ஏக்கர் அதற்குள் வேறு யாருக்காவது போய்விட்டால்? போகட்டும். நிலம் இன்னொன்று கிடைக்கும்.

அக்கம்பக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரொம்ப நாளைக்கு உங்கள் வீட்டைப் பழைய உரிமையாளர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கோபப்படாதீர்கள். நீங்கள் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறீர்கள் என்பதுவரை ஊருக்குத் தெரியும். இதே கண்கள்தான் உங்கள் பையன் வழிதவறினால் கூட்டிவந்து விடும். முதல் வருடம் யாருக்கும் எதையும் திருத்திச் சொல்ல வேண்டாம். உதவி கேளுங்கள், நிறையக் கேளுங்கள். கேட்கிறவரைத்தான் ஊர் சேர்த்துக்கொள்ளும்.

நிலத்தின் பத்திரம், வில்லங்கம், எல்லை, பாதை உரிமை இதெல்லாம் அந்தப் பகுதி வழக்கறிஞர் பார்க்க வேண்டியவை. பாதை உரிமையை மட்டும் அழுத்திக் கேளுங்கள். அடுத்தவர் நிலம் வழியாக நடந்து போகும் வழியும், லாரி போகும் வழியும் ஒன்றில்லை. கசடு எடுக்கும் லாரிக்கு அது வேண்டும்.

கிணற்றின் விட்டம், கோடையில் அளந்த ஆழம், ஒரு ராத்திரியில் ஏறிய அளவு, பரிசோதனை அறிக்கை இவற்றை எழுதினீர்கள் என்றால் தண்ணீர் விஷயத்தில் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். விற்பவரைப் பார்க்கும்போது செப்டிக் டேங்கின் மூடி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் அதைக் கேட்க மறந்துவிட்டு, தொழிலே இதுவாக இருந்தும், மூன்று நாள் கடப்பாறையால் தோட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இருந்தது.